பஸ்ஸில் பிரித்துக்கொண்ட பாடம்

எங்கள் கம்பெனி கேட்டில் செல்போனை வாங்கி வைத்துக்கொண்டு டோக்கன் கொடுப்பார்கள். ஆர்டர் கொடுக்கிற வெளிநாட்டுக்காரனின் ஷூ மாடலை யாரும் போட்டோ எடுத்துவிடக் கூடாதாம். நாள் முழுக்க ஷூவின் மேல்பாகத்தைத் தைத்து முதுகு ஒடிந்துபோகிற நாங்கள் அதைப் போட்டோ பிடித்து யாருக்கு அனுப்பப் போகிறோம்? அந்தக் கேட்டைத் தாண்டும்போதெல்லாம் எனக்கு எரிச்சல்தான் வரும். அதனால் படிப்புக்கென்று எங்களுக்குக் கிடைத்தது கம்பெனி பஸ்ஸில் காலையில் ஒரு மணி நேரம், சாயந்திரம் ஒரு மணி நேரம். மாதனூர்ப் பக்கத்து ஊர்களையெல்லாம் சுற்றி ஆளேற்றிக்கொண்டு ஆம்பூர் போய்ச் சேர அவ்வளவு ஆகும்.

எங்களுக்கு என்றால் எனக்கும் என் பக்கத்து சீட்டு அக்காவுக்கும். அக்கா என் சொந்தக்காரி இல்லை. எனக்கு அடுத்த ஊர், அதே தையல் செக்‌ஷன், என்னைவிடப் பத்து வயதுக்கு மேல் மூத்தவள். புருஷனுக்குத் தோல் பதனிடுகிற டேனரியில் வேலை, பள்ளிக்கூடம் போகிற இரண்டு பெண்கள். பத்தாவதில் நல்ல மார்க் வாங்கியிருந்தாள். குரூப் ஃபோர் எழுதி அரசாங்க ஆபீசில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்துவிட வேண்டும் என்பது அவளுடைய ஆசை. இந்தப் பரீட்சையை விட்டால் அடுத்ததற்குள் அவளுக்கு வயசு தாண்டிவிடும். "இதான்டி எனக்குக் கடைசி பஸ்" என்று சொல்லிச் சொல்லி என்னையும் விண்ணப்பம் போட வைத்தவள் அவள்தான்.

வேலூரில் கோச்சிங் சென்டர்கள் இருக்கின்றன. ஞாயிற்றுக்கிழமை ஒரு நாள் போய் விசாரித்துவிட்டு, ஃபீஸைக் கேட்டதும் இருவரும் நேரே வெளியே வந்து டீ குடித்தோம். அன்றைக்குத்தான் போனில் தேட ஆரம்பித்தோம். அடேயப்பா, எவ்வளவு கொட்டிக் கிடந்தது! பழைய கேள்வித்தாள், பாடப் புத்தகம், வீடியோ, மாதிரித் தேர்வு, எல்லாம் இலவசம். அக்காவுக்குத் தமிழில் டைப் அடிக்க வராது. மைக்கை அமுக்கி, போனுக்கே மரியாதை கொடுத்துக் கேட்பாள்: "ஆட்களும் நாட்களும் கணக்கு கொஞ்சம் சொல்லுங்க." பஸ் சத்தத்தில் அது ஏதோ புரிந்துகொண்டு தக்காளித் தொக்கு வைப்பது எப்படி என்று காட்டும். "இதுக்குக் காது மந்தம்டி" என்பாள். வீடியோவில் பாடம் எடுக்கும் சார் "புரியுதா?" என்று கேட்டால், இயர்போனின் ஒரு முனையைக் காதில் வைத்துக்கொண்டு "புரியுது சார்" என்று உரக்கச் சொல்வாள். முன்சீட்டுப் பெண்கள் திரும்பிப் பார்த்துச் சிரிப்பார்கள்.

பத்து நாள் ஆனதும் மலைப்பு வந்துவிட்டது. ஒரு பாடத்தைத் தேடினால் நூறு வீடியோ. எது பழைய பாடத்திட்டம், எது புதுசு, எதுவும் விளங்கவில்லை. அப்போதுதான் அக்கா அந்த யோசனையைச் சொன்னாள்.

"நம்ம லைன்ல ஒரே ஆளா முழு ஷூவும் தைக்குது? ஒருத்தி மடிக்கிறா, ஒருத்தி லைனிங் ஒட்டுறா, ஒருத்தி தைக்கிறா. அதே மாதிரி பிரிச்சுக்கலாம். நீ கணக்கும் சயின்ஸும் பாரு. நான் தமிழும் வரலாறும் பாக்குறேன். பஸ்ல ஒருத்திக்கு ஒருத்தி சொல்லிக்கலாம். பாதி வேலை கம்மி."

எனக்கும் அது பெரிய யோசனையாகப் பட்டது. லைனில் வேலை பார்த்தே பழகின எங்களுக்கு வேறு எப்படித் தோன்றும்? காலையில் அவள் சொல்வாள், சாயந்திரம் நான் சொல்வேன். அவள் சொன்னால் கதையாகிவிடும். வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் வெள்ளைக்காரனை எதிர்த்து எழுந்ததை அவள் சொன்னபோது பக்கத்து சீட்டுக்காரிகளும் காது கொடுத்தார்கள். "ஆஸ்பத்திரிக்குப் போறப்பல்லாம் அந்த வழியாத்தானே போறோம், இவ்ளோ நடந்திருக்குது பாரேன்" என்றாள். நான் கணக்கு சொல்லும்போது அவளுக்கு ஆயிரம் சந்தேகம். பன்னிரண்டு ஆட்கள் பதினைந்து நாளில் ஒரு வேலையை முடிக்கிறார்கள் என்றால், "ஏன்டி, அவங்கள்ள ஒருத்தர்கூட லீவு போட மாட்டாங்களா?" என்பாள். நானும் சிரித்துவிட்டு, விடையைச் சொல்லி முடித்துவிடுவேன். குலுங்குகிற பஸ்ஸில் நோட்டை மடியில் வைத்து அவளையே போட வைக்கவில்லை.

பரீட்சைக்கு இரண்டு மாதம் இருக்கும்போது ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டில் உட்கார்ந்து இலவச மாதிரித் தேர்வு ஒன்றை முழுசாக எழுதினேன். கணக்கில் அள்ளிவிட்டேன். தமிழிலும் வரலாற்றிலும் மானம் போயிற்று. அக்கா சொன்ன கதையெல்லாம் நினைவில் இருந்தது, ஆனால் நான்கு விடைகளில் எது என்று கேட்டால் தடுமாறினேன். காதால் கேட்டே எனக்கு இந்தக் கதி என்றால், காதால் கேட்டுக் கணக்குப் போட வேண்டிய அவளுக்கு? பிரித்துக்கொண்டதே தப்பு என்று அந்த நிமிஷமே எனக்குப் புரிந்துவிட்டது. புரியவில்லை என்று இப்போது பொய் சொல்ல மாட்டேன்.

திங்கட்கிழமை பஸ்ஸில் அதைச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. சொன்னால் கணக்கை முதலிலிருந்து ஆரம்பி என்பாள், என் இரண்டு மணி நேரமும் அதிலேயே போகும். இதுதான் காரணம், வேறு சாக்கு எதுவும் இல்லை. எனக்குக் கல்யாணமாகவில்லை, அம்மா சோறு போட்டுவிடுவாள், வீட்டில் போன் என் கையில்தான் இருக்கும். அக்கா வீட்டுக்குள் போனதும் அவள் போன் பிள்ளைகளின் வீட்டுப்பாடத்துக்குப் போய்விடும். கிடைத்த கொஞ்ச நேரத்தில் அவள் தன் பங்குப் பாடத்தைப் படித்ததே பெரிய விஷயம். நான் வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு அவளுடைய பங்கையும் தனியாகப் படித்தேன். மறுநாள் பஸ்ஸில் அவள் சொல்லும்போது, முதல் தடவை கேட்பதுபோலத் தலையாட்டினேன்.

"உனக்குக் கற்பூர புத்திடி! ஒரு தடவை சொன்னா பிடிச்சுக்கிற" என்று என் கன்னத்தைக் கிள்ளினாள். ச்சீ, என்ன பிறவி நான் என்று எனக்கே கூசியது. கூசியதே தவிர வாய் திறக்கவில்லை.

பரீட்சை முடிந்து ஆம்பூரில் பள்ளிக்கூட வாசலில் அவளுக்காக நின்றேன். வெளியே வந்தவள் முகம் வெளுத்திருந்தது. "தமிழ்லாம் போட்டுட்டேன்டி. கணக்குல நீ சொன்னது அத்தனையும் ஞாபகம் இருக்கு. போடத்தான் கை வரல" என்றாள். நான் சோடா வாங்கிக் கொடுத்தேன். அவள் பாதி குடித்துவிட்டு எனக்குக் கொடுத்தாள்.

ரிசல்ட் ஒரு வேலை நாளில் வந்தது. சாயந்திரம் டோக்கனைக் கொடுத்துப் போனை வாங்கி, பஸ்ஸில் உட்கார்ந்து முதலில் அவளுடைய பரீட்சை நம்பரைத்தான் அடித்தேன். அவளுடைய ரேங்க் எட்டாத தூரத்தில் இருந்தது. "போட்டும். உன்னுத அடி" என்றாள். எனக்கு வேலை கிடைத்துவிடும் என்று ரேங்கைப் பார்த்ததுமே தெரிந்தது. அக்கா சீட்டிலிருந்து எழுந்து நின்று பஸ் முழுக்கக் கேட்கிற மாதிரி கத்தினாள்: "இவ பாஸு! தமிழும் வரலாறும் நான்தான் இவளுக்குச் சொல்லிக் குடுத்தேன், தெரியுமா?" எல்லாரும் கை தட்டினார்கள். நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு குனிந்து உட்கார்ந்திருந்தேன். சந்தோஷத்தில் அழுகிறேன் என்று நினைத்தார்கள்.

ராணிப்பேட்டையில் ஓர் ஆபீசில் வேலை உத்தரவு வந்தது. கம்பெனியில் கடைசி நாள், திரும்பி வரும் பஸ்ஸில் இனிமேலும் தாங்காது என்று சொல்லிவிட்டேன். "அக்கா, உன் பாடத்தையும் நான் வீட்ல தனியாப் படிச்சேன். ரெண்டு மாசம். உன்கிட்ட சொல்லல."

அவள் என் பக்கம் திரும்பவில்லை.

"தெரியும்டி."

"எப்படிக்கா?"

"ஒரு நாள் ரெண்டு ராஜா பேரை மாத்திச் சொல்லிட்டேன். நீ திருத்தின. நான் இன்னும் சொல்லியே குடுக்காத பாடத்தை நீ எப்படித் திருத்துவ?"

"அப்பவே கேட்டிருக்கலாம்ல? நல்லா நாலு திட்டு திட்டியிருக்கலாம்லக்கா?"

"கேட்டா நீ மூஞ்சத் தூக்கிக்கினு சீட்டு மாறிட்டிருப்ப. அப்புறம் கணக்குக்கு நான் யார்கிட்ட போறது?"

அவள் ஊர் வந்தது. டிபன் பையை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டாள்.