நாளும் மாதமும் இடம் மாறியபோது

1996-ல் டெக்சாஸ் பிளானோவில் எனக்கு முதல் வேலை கிடைத்தது. கழுத்து, முதுகு வலிக்குச் சிகிச்சை தரும் கைரோபிராக்டர் ஒருவரின் ஆபீஸில் இன்ஷூரன்ஸ் க்ளெய்ம் படிவங்களை நிரப்பி அனுப்புவது என் பொறுப்பு.

ஒருநாள் ரோசா என்ற ஸ்கூல் பஸ் டிரைவர் கண்கலங்க வந்து நின்றார். ஜூன் இரண்டாம் தேதி விபத்தில் கழுத்தில் அடிபட்டு, நான்காம் தேதி எங்களிடம் வந்தவர். விபத்துக்கு முன்பே அவர் சிகிச்சை பெற்றதாகச் சொல்லி, இன்ஷூரன்ஸ் கம்பெனி க்ளெய்மை நிராகரித்திருந்தது.

"நான் பொய் சொல்றேன்னு நினைக்கிறாங்க" என்று விம்மினார்.

ஃபைலைப் பிரித்து, அனுப்பிய படிவத்தின் நகலைப் பார்த்தேன். சிகிச்சை தொடங்கிய தேதியை, நம் ஊர் வழக்கப்படி மாதத்துக்கு முன்னால் நாளைப் போட்டு 4/6 என்று எழுதியிருந்தேன். அமெரிக்காவில் அது ஏப்ரல் ஆறு!

கணவருக்கு போன் செய்தேன்.

"டாக்டர்கிட்ட சொல்லாத, வேலை போயிடும். சத்தமில்லாம கரெக்ட் பண்ணி அனுப்பிடு" என்றார்.

எனக்கு மனம் ஒப்பவில்லை. டாக்டரிடம் போய், தவறு என்னுடையது என்றேன். அப்பாயின்ட்மென்ட் புத்தகத்தின் நகலோடு, என் பெயரிலேயே விளக்கக் கடிதம் எழுதி அனுப்பினேன். மூன்று வாரத்தில் க்ளெய்ம் பாஸானது. ரோசா என்னைக் கட்டிக்கொண்டார்.

"இனிமே நீங்க பார்க்காம இங்கேருந்து ஒரு க்ளெய்மும் போகக் கூடாது" என்றார் டாக்டர்.

அன்றிலிருந்து எங்கே தேதி எழுதினாலும் மாதத்தை எழுத்தில்தான் எழுதுகிறேன். எண்தான் வேண்டும் என்கிற படிவமானால், அனுப்பும் முன் பக்கத்திலிருப்பவரிடம் கொடுத்து வாய்விட்டுப் படிக்கச் சொல்கிறேன். ஏன் என்று கேட்பவர்களிடம் இந்தக் கதையைத் தலைநிமிர்ந்தே சொல்கிறேன்.

– கோமதி, பிளானோ