நொட்டாங்கைக் கரை

கங்கையம்மாளுக்குச் சுகாசினி மேல் இருந்த பொறாமைக்கு வயது முப்பத்திரண்டு. அது பெயரில் ஆரம்பித்தது. இரண்டு பேரும் மாகறலில் ஒரே தெருவில் ஒரே வருடம் பிறந்தவர்கள், கங்கையம்மாள் மூன்று மாதம் மூத்தவள். மூன்றாம் வகுப்பில் வாத்தியார் "சுகாசினி" என்று கூப்பிட்டால் பிள்ளைகள் திரும்பிப் பார்த்தார்கள். "கங்கையம்மாள்" என்று கூப்பிட்டால் சிரித்தார்கள். பிறந்த குழந்தைக்கு அம்மன் பெயரை அப்படியே வைத்த அப்பாவை அவள் இன்றுவரை மன்னிக்கவில்லை. அதனால்தான் தனக்கு மகள் பிறந்தபோது யாரையும் கேட்காமல் ஜோதிகா என்று எழுதிக் கொடுத்துவிட்டாள்.

இப்போது இருவருக்கும் நாற்பது. இருவரும் காஞ்சிபுரத்தில்தான் இருக்கிறார்கள். சுகாசினி ஊரின் கிழக்கே மூடிக்கிடந்த ஒரு சாயப்பட்டறையை வாடகைக்கு எடுத்தாள். பத்து வருடத்தில் அதைக் கேட்டால் எந்த ஆட்டோக்காரரும் நேராகக் கொண்டுபோய் விடுகிற இடமாக ஆக்கிவிட்டாள். காலையில் அங்கே பெண்கள் பன்னிரண்டு தறியில் பட்டு நெய்கிறார்கள். சாயங்காலம் அதே கூரையின் கீழ் அறுபது பிள்ளைகள் பாடம் படிக்கிறார்கள். செவ்வாய், சனிக்கிழமைகளில் மட்டும் பாடத்துக்குப் பதிலாகப் பெண்களுக்குப் பறை வகுப்பு. இதற்கு நடுவே சாதிச் சான்றிதழ், கல்லூரி உதவித்தொகை, முதியோர் பென்ஷன் என்று யாராவது ஒருவரை ஸ்கூட்டியின் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு கலெக்டர் ஆபீசுக்குப் போய்க்கொண்டிருப்பாள்.

ஒரு மனுஷிக்கு எதற்கு இத்தனை வேலை என்பதுதான் கங்கையம்மாளின் கேள்வி. பாடம் நடத்துகிறவள் பாடம் நடத்தட்டும், பட்டு விற்கிறவள் பட்டு விற்கட்டும். எல்லாவற்றையும் ஒருத்தியே செய்தால் மற்றவர்கள் எதைச் செய்து பெயர் வாங்குவது? வெற்றிலை மடிக்கும்போதும், பஸ்ஸில் ஜன்னலோரம் உட்காரும்போதும், தலை துவட்டும்போதும் இந்தக் கேள்வி அவளுக்கு வந்துவிடும்.

அவளும் ஒன்றும் தெரியாதவள் இல்லை. பதினாறு வயதிலிருந்து கட்டம் போடுகிறாள். சேலைக் கரையில் வரவேண்டிய அன்னத்தையோ மாங்காயையோ யாராவது தாளில் வரைந்து கொடுப்பார்கள். அதைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, எந்த இழை தூக்க வேண்டும், எந்த இழை தாழ வேண்டும் என்று குறித்துத் தருவது அவள் வேலை. அந்தக் குறிப்பைப் பார்த்துத்தான் அட்டையில் துளை அடிப்பார்கள், அந்த அட்டைதான் தறியை நடத்தும். முன்பு கட்டத்தாளில் பென்சிலால் செய்தாள், இப்போது வீட்டு முன்னறையில் கம்ப்யூட்டரில் செய்கிறாள். ஊரில் முக்கியமான முதலாளிகள் அவளைத்தான் தேடி வருவார்கள். அவள் கட்டம் போட்ட யாளியையும் மயிலையும் உடுத்திக்கொண்டு எத்தனையோ பேர் மணவறையில் உட்கார்ந்தார்கள். சேலை நன்றாக இருந்தால் கடையின் பெயரைச் சொல்வார்கள், நெய்தவர் பெயரைக்கூட எப்போதாவது சொல்வார்கள். கட்டம் போட்டவள் பெயரை யாரும் கேட்டதில்லை.

இதையெல்லாம்கூட அவள் பொறுத்துக்கொண்டிருப்பாள். பறையைத்தான் அவளால் பொறுக்க முடியவில்லை.

கங்கையம்மாளின் அப்பா வீராசாமி பறை அடிக்கிறவர். மாகறலில் சாவு விழுந்தாலும், அம்மனுக்குக் கூழ் ஊற்றினாலும் ஆள் வந்து கூப்பிடும். அவர் இல்லாத நேரத்தில் எட்டு வயது கங்கையம்மாள் சோத்துத் தட்டைக் கவிழ்த்துப்போட்டு, துடைப்பக்குச்சி ஒன்றும் கட்டைக்குச்சி ஒன்றும் எடுத்துக்கொண்டு அப்பாவின் அடிகளை அப்படியே அடிப்பாள். பறையில் கனமான அடிக்குச்சி சோத்தாங்கையில் இருக்க வேண்டும். அவளுக்கு அது நொட்டாங்கையில், இடக்கையில்தான் வந்தது. எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த சுகாசினிக்கு முதல் அடியைச் சொல்லிக் கொடுத்ததும் அவள்தான். அந்தப் பெண்ணுக்கு அது பிடிபட இரண்டு வாரம் ஆயிற்று. ஒருநாள் அப்பா பார்த்துவிட்டார். குச்சிகளை ஒடித்து அடுப்பில் போட்டார், நொட்டாங்கையில் நாலு அடியும் போட்டார். இந்தத் தொழில் என்னோடு போகட்டும் என்று அவர் சொன்னபோது அவர் குரல் உடைந்திருந்தது. அதற்குப் பிறகு அவள் பறையைத் தொடவில்லை.

சுகாசினி கல்லூரிக்குப் போனாள், மெட்ராஸில் ஏதேதோ கற்றுக்கொண்டாள், திரும்பி வந்து பெண்களுக்கென்று பறைக்குழு ஆரம்பித்தாள். சாவுக்குத்தான் அது என்று முகம் சுளித்தவர்கள் பள்ளி விழாவுக்கும் கல்யாண வரவேற்புக்கும் அந்தக் குழுவைக் கூப்பிட ஆரம்பித்தார்கள். தொடங்கின வருடம் அவள் கங்கையம்மாள் வீட்டுக்கு வந்து, நீ வந்து கற்றுக்கொடு என்று கேட்டாள். கங்கையம்மாள் கம்ப்யூட்டரை விட்டு முகத்தைத் திருப்பாமல், எனக்கு வேலை இருக்குது என்று சொல்லிவிட்டாள். இரண்டாவது தடவை கூப்பிடுவாள் என்று எதிர்பார்த்தாள். சுகாசினி கூப்பிடவில்லை. அந்த இரண்டாவது தடவைக்காகப் பத்து வருடமாக அவள் கோபித்துக்கொண்டிருக்கிறாள்.

போதாததற்குப் போன வருடம் ஜோதிகா அந்தக் குழுவில் சேர்ந்துவிட்டாள். பிளஸ் ஒன் படிக்கிற பெண் வீட்டில் வாயைத் திறந்தால் சுகாசினி மிஸ் இப்படிச் சொன்னாங்க, சுகாசினி மிஸ் அப்படி அடிச்சாங்க என்றே பேசினாள். கேட்கும்போதெல்லாம் கங்கையம்மாளுக்கு வயிறு எரிந்தது. எந்த அடியைப் பற்றி மகள் வியந்து பேசுகிறாளோ அது தட்டில் தான் சொல்லிக்கொடுத்த அடி என்று அவளுக்குத் தெரியும். சொல்லவும் வாய் வரவில்லை. சொன்னால் ஏன் விட்டாய் என்று மகள் கேட்பாள்.

இந்த நிலையில்தான் தை மாதம் கட்டம் போடச் சொல்லிச் சுகாசினி வரைந்த ஒரு படம் வந்தது. பட்டறையின் பத்தாவது ஆண்டு விழாவுக்குச் அவள் ஒரு புதுச் சேலை நெய்யப் போகிறாள். கரை முழுவதும் வரிசையாகப் பறையடிக்கும் பெண்கள். தேரும் கோபுரமும் ருத்திராட்சமும் ஓடுகிற பட்டுக் கரையில் பறையா என்று கங்கையம்மாளே திரும்ப ஒருமுறை பார்த்தாள். நல்ல யோசனைதான். தனக்குத் தோன்றாமல் போன யோசனை என்பதால் அது இன்னும் உறுத்தியது.

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். படத்திலிருந்த பெண்ணின் அடிக்குச்சி நொட்டாங்கையில் இருந்தது.

பத்து வருடம் பறை சொல்லிக்கொடுக்கிறவள் எப்படிக் கை மாற்றி வரைவாள்? யோசித்தபோது கங்கையம்மாளுக்குக் காரணம் விளங்கியது. இந்தத் தறிகளில் சேலை கவிழ்ந்தபடிதான் நெய்யப்படும், முகம் கீழே இருக்கும், முதுகு மேலே இருக்கும். அதனால் கட்டம் போடுகிறவள் படத்தை இடவலம் திருப்பித்தான் ஏற்றுவாள். கம்ப்யூட்டரில் அது ஒரே தட்டு. திருப்பி ஏற்றினால்தான் முகப்பக்கத்தில் படம் வரைந்தபடியே வரும். சுகாசினி இதைப் பாதி தெரிந்துகொண்டு, திருப்புகிற வேலையைத் தானே செய்து அனுப்பிவிட்டாள் போலிருக்கிறது. இப்போது இவளும் வழக்கப்படி திருப்பினால் சேலையில் இருக்கிற அத்தனை பெண்களும் நொட்டாங்கையில்தான் அடிப்பார்கள். பறை தெரிந்தவன் எவனும் பார்த்த நொடியில் சிரித்துவிடுவான்.

படத்தில் சந்தேகம் வந்தால் போன் போட்டுக் கேட்பது தொழில் வழக்கம். இருபத்து நான்கு வருடத்தில் கங்கையம்மாள் அதை ஒருமுறைகூடத் தவறவிட்டதில்லை. அன்றைக்குப் போனைக் கையில் எடுத்தாள். பிறகு அதைத் திரை கீழே இருக்கும்படி வைத்துவிட்டு, வழக்கப்படி படத்தைத் திருப்பி ஏற்றினாள். கொடுத்த வேலையைக் கொடுத்தபடி செய்தேன் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அன்று அவள் வைத்த மீன்குழம்பு ரொம்ப நன்றாக இருந்தது என்று கணவன் ராமராஜன் சொன்னான்.

ஒரு வாரம் கழித்துச் சுகாசினியே போன் செய்தாள்.

"படம் பாத்தியாடி? எல்லாம் சரியா இருக்குதா?"

அது கடவுளே கொடுத்த வாய்ப்பு. கங்கையம்மாள் அதையும் தள்ளிவிட்டாள்.

"சரியாத்தான் இருக்குது. அட்டை அடிக்க அனுப்பிட்டேன்."

பிறகு ஆறு வாரம் அவள் காத்திருந்தாள். நெய்கிறவர்கள் பார்ப்பது சேலையின் முதுகைத்தான், அதில் எல்லாரும் சோத்தாங்கையில் அடித்தார்கள், அதனால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. கங்கையம்மாளுக்குச் சில நாள் குற்றவுணர்ச்சி வரும், அடுத்த நாள் ஜோதிகா மிஸ் புராணம் பாடுவாள், குற்றவுணர்ச்சி போய்விடும்.

விழா ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை நடந்தது. கங்கையம்மாள் இருந்ததிலேயே நல்ல சேலையை உடுத்திக்கொண்டு மூன்றாவது வரிசையில் இடம் பிடித்தாள். அடுத்தவள் அவமானப்படுவதைப் பார்க்க இவ்வளவு அக்கறையாகப் பூ வைத்துக்கொண்டு வந்தவள் அந்தக் கூட்டத்தில் அவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள். வாசலில் வைக்கோலைக் கொளுத்திப் பறைகளைக் காய வைத்துக்கொண்டிருந்தார்கள். பன்னிரண்டு பெண்கள் அந்தப் புதுச் சேலையைக் கட்டிக்கொண்டு வந்தார்கள், அதில் ஜோதிகாவும் ஒருத்தி. அரக்கு உடல், மஞ்சள் கரை, கரையில் சரிகைப் பெண்கள். பார்க்க அவ்வளவு லட்சணமாக இருந்தது. அந்தச் சரிகைப் பெண்கள் அத்தனை பேரும் நொட்டாங்கையில் அடித்தார்கள். இரண்டு பேர் கரையைப் பார்த்துக் காதோடு காது ஏதோ பேசிக்கொண்டதைக் கங்கையம்மாள் கவனித்தாள். தலையில் இருந்த பூவைச் சரிசெய்துகொண்டாள். மனசில் இருந்தது சந்தோஷமா பயமா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை.

தலைமை விருந்தாளி திருப்புட்குழி வீரபத்திரன். எழுபது வயது, பறையில் அந்தப் பக்கத்துக்கே வாத்தியார். மேடையில் கொடுத்த சேலையைக் கையில் வாங்கியவர் கரையைக் கண்ணருகே கொண்டுபோனார். பிறகு மைக்கைப் பக்கத்தில் இழுத்தார்.

"இன்னாமா இது, இந்தப் பொண்ணுங்க எல்லாம் நொட்டாங்கையில அடிச்சிக்கினு இருக்குதுங்க. தறியில எதுனா மாறிப்போச்சா?"

கூட்டத்தில் சிரிப்பு எழுந்தது. கங்கையம்மாள் முப்பத்திரண்டு வருடமாகக் காத்திருந்த சிரிப்பு அது. அவள் சுகாசினியின் முகத்தைப் பார்த்தாள். சுகாசினியும் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"மாறல வாத்தியாரே. அப்படித்தான் வரஞ்சேன். எனக்கு மொத அடி சொல்லிக்குடுத்தது ஒரு நொட்டாங்கை. எட்டு வயசுல, சோத்துத் தட்டு மேல. அந்தக் கையத்தான் கரையில போட்டோம். இதுக்குக் கட்டம் போட்டதும் அதே கைதான். தோ, மூணாவது வரிசையில உக்காந்துக்கினு இருக்குறா, எங்க கங்கையம்மாள்."

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அந்தப் பெயரைக் கேட்டு முதல் தடவையாக யாரும் சிரிக்கவில்லை. சுகாசினி இறங்கி வந்து அவள் கையைப் பிடித்தாள்.

"படம் அனுப்பும்போது ஒரு வார்த்த எழுதலாமானு நெனச்சேன்" என்று மெதுவாகச் சொன்னாள். "பாத்தா உனுக்கே தெரியும்னு உட்டுட்டேன். நீயும் ஒன்னும் கேக்காம போட்டுக்குடுத்துட்ட."

அவள் பிடித்திருந்த தன் கையைக் கங்கையம்மாள் குனிந்து பார்த்தாள். நல்லவளாக இருந்து அன்றைக்குப் படத்தில் கையைத் திருத்தியிருந்தால் தன்னைத் தானே அழித்திருப்பாள். கெட்ட எண்ணத்தில் வாயை மூடியதால்தான் பன்னிரண்டு சேலையிலும் அவள் நிற்கிறாள். வெட்கமாக இருந்தது. அந்த வெட்கத்துக்குள்ளேயே, பெருந்தன்மையும் இவளுக்குத்தானா வாய்க்க வேண்டும் என்று பழைய பொறாமை ஒருமுறை எட்டிப் பார்த்தது.

வீரபத்திரன் ஒரு பறையை எடுத்து நீட்டினார். கங்கையம்மாள் வேண்டாம் என்றாள். ஜோதிகா வந்து வாரை அவள் தோளில் மாட்டிவிட்டாள், வழக்கத்துக்கு மாறாக மறு தோளில். முதல் நாலு அடி தடுமாறியது. ஐந்தாவதில் அப்பாவின் அடி வந்தது, அப்புறம் எல்லாம் வந்தது. கூடவே அடித்த பெண்கள் ஒவ்வொருவராகத் தங்கள் பறையை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள். ஜோதிகா வாயைத் திறந்தபடி நின்றாள். அவள் சுகாசினி மிஸ்ஸைப் பார்க்கிற பார்வை அது.

அந்தப் பார்வையைச் சுகாசினியும் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முகத்தில் ஒரு நொடி ஏதோ வந்து போனது. வேறு யாரும் கவனித்திருக்க மாட்டார்கள். கங்கையம்மாளுக்கு அது என்னவென்று சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பொறாமையை அடையாளம் காண்பதில் அவளை விடக் கெட்டிக்காரி அந்த ஊரில் கிடையாது.

சாப்பாடு முடிந்து கூட்டம் கலைந்ததும் அவள் சுகாசினியைத் தறிகளுக்குப் பின்னால் கூட்டிப்போனாள்.

"சுகா, நான் ஒன்னும் புரிஞ்சிக்கினு போடல. நீ தப்பா வரஞ்சிட்டனு நெனச்சேன். உனுக்கு அசிங்கமாவட்டும்னுதான் வாயத் தொறக்கல."

சுகாசினியின் முகத்திலிருந்து சிரிப்பு போய்விட்டது. அவள் தறியில் கை ஊன்றி நின்றாள். திட்டவில்லை.

"அஞ்சாவதா வந்துதே, உங்கப்பா அடி" என்றாள் கடைசியில். "முப்பது வருசமா அடிச்சிப் பாக்குறேன், உன்னோடது மாதிரி எனக்கு வரல. அதான் ரெண்டாவது தடவ உன்னக் கூப்பிடல. நீ வந்தா என்னோடத யாரு கேப்பாங்க?"

 பிறகு சுகாசினி, செவ்வாய்க்கிழமை வகுப்பு ஆறு மணிக்கு என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.

செவ்வாய்க்கிழமை ஐந்தே முக்காலுக்குக் கங்கையம்மாள் பட்டறை வாசலுக்கு வந்துவிட்டாள். கதவு பூட்டியிருந்தது, ஸ்கூட்டியைக் காணோம். அவள் படியில் உட்கார்ந்துகொண்டாள். பிறந்ததையும் பறையையும் விட்டால், சுகாசினிக்கு முன்னால் அவள் ஓர் இடத்துக்கு வந்து சேர்ந்தது அதுதான் முதல் தடவை.