டார்மிட்டரி வேண்டாம் மேடம்

இரண்டு வாரங்களுக்கு முன், ஒரு புதன்கிழமை காலை. காலிங் பெல் அடித்தது. கதவைத் திறந்தால் மாரிச்செல்வி நிற்கிறாள். கழுத்தில் கம்பெனி ஐடி கார்டு. கையில் நான் எழுதிக்கொடுத்த வியட்நாம் பயணத் திட்டம். அதில் ஒரே ஒரு வரியை மட்டும் பேனாவால் அடித்திருந்தாள்.

எந்த வரி தெரியுமா? மொத்தத் திட்டத்திலும் நான் ரொம்பப் பெருமைப்பட்ட வரி!

கொஞ்சம் பின்னால் போய்ச் சொல்கிறேன்.

இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து படிக்கிறவர்களுக்கு நினைவிருக்கும். மகளுடன் முதுகுப் பையை மாட்டிக்கொண்டு வியட்நாம் போய்வந்த கதையை இங்கேதான் அளந்தேன். எட்டுப் பேர் படுக்கும் டார்மிட்டரியில் மேல் பெர்த்தில் ஏறிப் படுத்தது, ராத்திரி பஸ்ஸில் தூங்கி ஒரு நாள் ரூம் வாடகையை மிச்சம் பிடித்தது... ஐம்பத்து நாலு வயதில் இதையெல்லாம் செய்துவிட்டேன் என்று எனக்கு ஒரே அலட்டல். "வந்த பிறகு ஒரு மாசம் முதுகுக்குத் தைலம் தேச்சுவிட்டது யாரு? அதையும் எழுது" என்றார் என் கணவர். ஒரகடத்தில் ஒரு கார் பாகங்கள் கம்பெனியில் மெயின்டனன்ஸில் இருந்து ரிட்டையர் ஆனவர். எதைப் பார்த்தாலும் பழுதுதான் முதலில் கண்ணில் படும். நான் அதை எழுதவில்லை.

அந்தக் கதையைப் படித்துவிட்டு வந்த மெயில்களில் ஒன்று, கௌரி என்ற பெண்ணுடையது. 'அக்கா, நானும் என் ஃபிரண்டும் போகணும். ரெண்டு பேருக்கும் பாஸ்போர்ட் ரெடி. பணம் கம்மி. பிளான் போட்டுத் தருவீங்களா?'

நானா மாட்டேன் என்பேன்? இதெல்லாம் எனக்கு அல்வா சாப்பிடுகிற மாதிரி.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, சுங்குவார்சத்திரம் பஸ் ஸ்டாப் பக்கம் ஒரு பேக்கரியில் சந்தித்தோம். கௌரி, வாலாஜாபாத் பக்கத்துப் பெண். அப்பா, அம்மா, இரண்டு தம்பிகள் என்று நிறைந்த வீடு. அங்கிருந்து கம்பெனி பஸ்ஸில் வேலைக்கு வந்துபோகிறாள். மாரிச்செல்விக்குக் கோவில்பட்டி பக்கம். அதே பஸ் வருகிற வழியில், சுங்குவார்சத்திரத்தில் ஹாஸ்டலில் இருக்கிறாள். இரண்டு பேருக்கும் இருபத்தாறு வயது. செல்போன் பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில் ஒரே லைன், ஒரே ஷிஃப்ட், ஒரே பஸ், பக்கத்துப் பக்கத்து சீட். நாலு வருஷமாக.

எல்லாரும் ஊருக்கு ஓடும் பண்டிகை நாட்களில் நின்று வேலை பார்த்து, அதற்கு ஈடாக லீவு சேர்த்திருந்தார்கள். ஆளுக்கு ஏழு நாள்! சூப்பர்வைசர் கையெழுத்தும் வாங்கியாயிற்று. பாஸ்போர்ட்டுகளை ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு, டேபிள் ஈரத்தில் படாமல் மாரிச்செல்வி மடியிலேயே வைத்திருந்தாள்.

பேச்செல்லாம் கௌரிதான். "அந்தப் படகு கீதே அக்கா... கால்ல துடுப்பு போட்டுகினே ஓட்டுவாங்கன்னு எழுதியிருந்தீங்களே, நெசமாவா?"

"நிஜம்தான். கையைக் கட்டிக்கொண்டு, காலாலேயே ஓட்டுவார்கள்."

"யம்மா! அத்தப் பாக்காம நான் வரமாட்டேன்."

மளமளவென்று எழுதினேன். ஹனோயில் இரண்டு இரவு. ராத்திரி பஸ். ஹோய் ஆனில் இரண்டு இரவு. திரும்ப ராத்திரி பஸ். வருகிற வழியில் கௌரியின் படகு. தங்குவது எல்லா ஊரிலும் எட்டுப் பேர் டார்மிட்டரி. கடைசி வரியில் அடிக்கோடு வேறு போட்டேன். "இதில்தான் உங்கள் பணம் பாதி மிச்சம். எட்டு நாட்டுப் பெண்கள் ஒரே அறையில்... அந்த அனுபவம் இருக்கிறதே!" என்று ஒரு குட்டிப் பிரசங்கமும் செய்தேன்.

கௌரி கை தட்டினாள். மாரிச்செல்வி எக் பஃப்ஸின் உதிர்ந்த துகள்களை விரலால் ஒற்றி எடுத்துக்கொண்டிருந்தாள்.

"உனக்குப் பிடிச்சிருக்காம்மா?"

"நல்லா இருக்கு மேடம்."

அந்த "நல்லா இருக்கு" எப்படிப்பட்டது என்று எனக்குப் புரிந்திருக்க வேண்டும். உப்பில்லாத குழம்புக்கு நம் வீட்டு விருந்தாளி சொல்கிற "நல்லா இருக்கு" அது. எங்கே... நான் என் கெட்டிக்காரத்தனத்திலேயே மயங்கிக் கிடந்தேன்.

அந்த மாரிச்செல்விதான் புதன்கிழமை காலை என் வீட்டு வாசலில். மதிய ஷிஃப்ட் வாரம் என்பதால் காலையில் வந்துவிட்டாள். உட்கார வைத்துக் காபி கொடுத்தேன். பேப்பரை டீபாயில் விரித்தாள். டார்மிட்டரி வரிமேல் கோடு.

"டார்மிட்டரி மட்டும் வேண்டாம் மேடம். எனக்குத் தனி ரூமு வேணும்."

"அம்மாடி, தனி ரூம் என்றால் செலவு எகிறுமே! படுத்துத் தூங்கத்தானே? ஊர் பார்க்கத்தானே போகிறோம்?"

"ஊரு பாக்காட்டியும் சரிதான் மேடம்."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது, உண்மையைச் சொல்கிறேன். வியட்நாம் வரைக்கும் போய் ரூமில் படுத்துக்கொள்ளவா நான் இவ்வளவு மெனக்கெட்டேன்? "அதற்கு எதற்கு வியட்நாம்? மாமல்லபுரத்தில் ஒரு லாட்ஜ் போதுமே" என்றேன்.

"இங்க தனியா ஒரு பொம்பளப்பிள்ள போயி ரூம் கேட்டா எப்படிப் பாப்பாங்க? உங்களுக்குத் தெரியாதா மேடம்?"

தெரியும்.

அவள் காபி டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு பேச ஆரம்பித்தாள். "எங்க ஹாஸ்டல் ரூம்ல எட்டுப் பேரு. மேல நாலு, கீழ நாலு. மூணு ஷிஃப்ட்டு ஆளும் இருக்கோம். ஒருத்தி படுக்கப்ப ஒருத்தி எந்திப்பா. எங்க ரூம்ல லைட்டு அணைஞ்சு நான் பாத்ததே இல்ல. நீங்க அதப் போயி காசு குடுத்து அனுபவம்னு எழுதியிருக்கீங்க..." சொல்லிவிட்டு, "தப்பா எடுத்துக்கிடாதீங்க" என்றாள்.

எப்படித் தப்பாக எடுத்துக்கொள்வது? செருப்பால் அடித்த மாதிரி இருந்தது. அடி சரியான இடத்தில்தான் விழுந்திருந்தது.

"ஊரில் வீடு?"

"ஒரே பத்திதான், ஒத்த ரூமு. அம்மா, அண்ணன், மதினி, அவங்க பிள்ளைங்க. இப்ப அங்கன போனாலும் விருந்தாளி மாதிரி ஒரு ஓரமாத்தான் படுப்பேன்." டம்ளரைக் கீழே வைத்தாள். "போன வருசம் அப்பா தவறிட்டாங்க. காரியம் முடிச்சுட்டு வேலைக்கு வந்துட்டேன். ஒரு நாளு நல்லா அழணும் போல இருந்துச்சு. ரூம்ல அழுதா ஏழு பேரும் சுத்தி வந்து உக்காந்துருதாங்க. தண்ணி குடுக்காங்க, தலையத் தடவுதாங்க. நல்ல பிள்ளைங்க மேடம், கொறையே சொல்ல மாட்டேன். ஆனா அவங்க அழாதனு சொல்லச் சொல்ல நான் கண்ணத் தொடச்சுக்கிடணும். பாத்ரூம்ல அழுவோம்னு போனா வெளிய வரிசையில நிக்காங்க. இன்னும் நான் எங்க அப்பாவுக்கு ஒழுங்கா அழல."

அழாதே என்று நான் சொல்லவில்லை. நல்லவேளை.

யோசித்துப் பார்த்தேன். நானே என் வாழ்க்கையில் முதன்முதலாக ஒரு அறையில் தனியாகப் படுத்தது எப்போது? கல்யாணத்துக்கு முன் அக்கா தங்கைகளோடு. பிறகு கணவர், குழந்தை. நாற்பத்தொரு வயதில் ஒரு கருத்தரங்குக்காகக் கோவை போனபோதுதான் முதல் தனி அறை! சிப்ஸ் பாக்கெட்டைப் பிரித்து, கட்டிலில் குறுக்காகப் படுத்து, யாருக்கும் பதில் சொல்லாமல் இருந்த அந்த இரண்டு மணி நேரத்தை இன்னமும் மறக்கவில்லை. இந்த வயதில் மேல் பெர்த்தில் ஏறிப் படுப்பது எனக்குச் சாகசமாக இருந்ததென்றால், விட்டுவந்த என் வீடு அப்படியே இருக்கிறது என்ற தைரியத்தில்தான். சொந்தமாகக் கதவு இருக்கிறவர்களுக்குத்தான் கதவில்லாத இடம் சுவாரஸ்யம்.

"சரி, தனி அறையே போடலாம். இதை ஞாயிற்றுக்கிழமை கௌரியிடம் சொல்லியிருக்கலாமே?"

"அதான் மேடம் பயமே. நாலு வருசம் பழகிட்டு, என்கூட ஒரு ரூம்ல படுக்கப் பிடிக்கலையான்னு கேப்பா. என்ன சொல்ல? நீங்களா மாத்துன மாதிரி சொல்லிருங்களேன்..." பிறகு மெதுவாக, "அக்கா" என்றாள்.

அக்கா ஆகிவிட்ட பிறகு மறுக்க முடியுமா?

அவள் போன பிறகு கணக்குப் போட்டேன். ஆளுக்கொரு தனி அறை என்றால் ஹோய் ஆன் காலி. அதோடு போகவில்லை, படகும் காலி. கௌரியின் படகு! என் கணவர் எட்டிப் பார்த்தார். "ஒண்ணைச் சரி பண்ணினா இன்னொண்ணு புட்டுக்குது, அப்படித்தானே?" என்றார். பெருமூச்சு விட்டேன்.

மறுநாள் காலை கௌரிக்குப் போன் செய்தேன். எனக்குப் பொய் சொல்ல வராது. எழுத வரும், சொல்ல வராது. "அந்த டார்மிட்டரி முழுதும் நிரம்பிவிட்டதாம் கௌரி, அதனால் ஆளுக்கொரு தனி அறை..." என்று இழுத்தேன்.



"இன்னாக்கா, மாரி வந்து சொல்லுச்சா?"

மாட்டிக்கொண்டேன்.

"எனக்குத் தெரியும்க்கா. அவங்க அப்பா போனதுலேர்ந்து பஸ்சுல ஏறுனதும் ஜன்னல் பக்கம் மூஞ்சியத் திருப்பிகினு கண்ண மூடிக்கும். தூங்கலன்னு எனக்குத் தெரியாதா? பக்கத்துலயே ஒக்காந்துகினு கீறேன். நானும் தூங்குற மாரி இருந்துடுவேன். இன்னா பண்றது... எழுந்து போவ வேற சீட்டு இல்லியே."

அவளே தொடர்ந்தாள்.

"எனக்குலாம் தனி ரூம் வோணாம்க்கா. பேய் பயம் எனக்கு. வூட்ல எப்பவும் ஆளுங்க நடுவுலதான் படுப்பேன். எனக்கு அந்த எட்டுப் பேரு ரூம்லயே ஒரு பெட்டு போடுங்க. அதே பில்டிங்ல மாரிக்கு ஒரு தனி ரூம் கெடைக்குமா பாருங்க. படகு மட்டும் வுட்ராதீங்க, சொல்லிட்டேன்!"

முப்பது வருஷமாகப் பயணம் செய்கிறேன், பத்து வருஷமாகப் பயணம் பற்றி எழுதுகிறேன். ஒரே கட்டடம், ஒருத்திக்கு டார்மிட்டரி, ஒருத்திக்குத் தனி அறை... இந்த எளிய விஷயம் எனக்குத் தோன்றவே இல்லை! சேர்ந்து போகிறவர்கள் சேர்ந்துதான் படுக்க வேண்டும் என்று எனக்கு யார் சொன்னது? கணக்கை மறுபடி போட்டேன். ஹோய் ஆன் போனது போனதுதான். ஆனால் படகு திரும்பி வந்துவிட்டது.

அந்த ஞாயிற்றுக்கிழமை மறுபடி அதே பேக்கரி. நான் வாயைத் திறப்பதற்குள் கௌரி ஆரம்பித்துவிட்டாள். "அக்கா, இவளுக்குத் தனி ரூம் போட்ருங்க. பஸ்சுலயே இவ கொரட்ட தாங்கல. அஞ்சு நாளுலாம் என்னால ஆவாது."

"ஏட்டி, நானா கொரட்ட விடுதேன்?"

"பின்ன, டிரைவரா?"

மாரிச்செல்வி சிரித்தாள். பிறகு கௌரியைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். பஃப்ஸில் பாதியைப் பிய்த்து, முட்டை இருந்த பாதியைக் கௌரி தட்டில் வைத்தாள். அவ்வளவுதான். நான் மெனு போர்டைப் படிப்பது போல உட்கார்ந்திருந்தேன். தூங்குவது போல இருப்பதை நானும் கற்றுக்கொண்டேன்.

இரண்டு பேரிடமும் கேட்டுவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். பெயர்களை மாற்றியிருக்கிறேன். 'போனில் நீ சொன்னதையும் எழுதட்டுமா?' என்று கௌரியிடம் தனியாகக் கேட்டேன். "அவ படிச்சா இன்னா இப்போ? படிக்கட்டும்" என்றாள்.

டிக்கெட் போட்டாயிற்று. அடுத்த மாதம் கிளம்புகிறார்கள். கௌரி தினமும் மெசேஜ் அனுப்புகிறாள்: பருப்புப் பொடி எவ்வளவு எடுத்துப் போகலாம், மழைக்கோட்டு வேண்டுமா, படகுக்காரரோடு செல்ஃபி எடுத்தால் காசு கேட்பாரா?

மாரிச்செல்வியிடமிருந்து வந்தது ஒரே ஒரு கேள்விதான். முந்தாநாள், டீ பிரேக்கில் அனுப்பியிருந்தாள். 'அக்கா, அந்த ரூமுக்குத் தாழ்ப்பா உள்பக்கம் இருக்கும்லா?'

ஹனோய் விடுதிக்கு மெயில் போட்டேன். அவர்கள் வை-ஃபை உண்டு, காலை உணவு உண்டு, ஜன்னலில் பூந்தொட்டி உண்டு என்று பதில் போட்டார்கள். அதெல்லாம் இருக்கட்டும், தாழ்ப்பாள் உண்டா என்று மறுபடி கேட்டேன். பைத்தியம் என்று நினைத்திருப்பார்கள்.

நேற்று பதில் வந்துவிட்டது. இரண்டு இருக்கிறதாம்.