வெள்ளைக் களிமண் குதிரை

போன ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் ஒரு குதிரையோடு மாட்டு வண்டியில் போனேன். குதிரை வண்டியை இழுக்கவில்லை. வண்டிக்குள், வைக்கோலில் சொகுசாகப் படுத்துக்கொண்டு வந்தது!

மண் குதிரை. செய்தவள் அஞ்சலை.

சுரங்க டவுன்ஷிப்பில், எங்கள் பிளாக்கில் பாதி வீடுகளில் அஞ்சலை செய்த பூ ஜாடி இருக்கிறது. குயவர் வீட்டுப் பெண். மந்தாரக்குப்பத்தில் வாடகை வீடு. புருஷனுக்கு மைன்ஸில் கான்ட்ராக்ட் வேலை. ஒருநாள் ஷிப்ட் முடிந்து வரும்போது, சைக்கிள் கேரியரில் ஒரு கோணிப்பை வெள்ளைக் களிமண் கொண்டுவந்தார். நிலக்கரிக்கு மேலே படிந்து கிடக்கும் மண்ணாம். தொட்டால் தயிர் மாதிரி வழவழப்பு...

அன்றிலிருந்து அஞ்சலை கண்ணை மூடினால் ஒரே கனவு.

"வெள்ளக் குதிர ஒண்ணு ஓடிக்கினே இருக்குதுங்கம்மா. சத்தமே இல்ல. பஞ்சு மேல ஓடற மாதிரி..."

ஏன் குதிரை? அவள் பிறந்த ஊர் இப்போது இல்லை. அந்த இடத்தில்தான் சுரங்கம். ஜனங்கள் வேறு இடத்துக்குக் குடிபோனபோது அய்யனாரையும் கொண்டுபோய் ஒரு வேப்பமரத்தடியில் வைத்தார்கள். பழைய மண் குதிரை, வண்டியில் ஏற்றும்போதே நொறுங்கிவிட்டது. ஊரைக் காக்கிற சாமி — வாகனம் இல்லாமல் எப்படி ஊரைச் சுற்றி வரும்?

வெள்ளை மண் லேசில் வசப்படவில்லை. முதல் குதிரைக்குச் சூளையில் கழுத்து போயிற்று. அடுத்ததற்குக் கால். ஏரி மண்ணைக் கொஞ்சம் கலந்து பிசைந்தாள். நான் கேட்டிருந்த ஜாடி? "ஜாடி கெடக்குதும்மா!" என்றுவிட்டாள்.

மூன்றாவது குதிரை நின்றது. பாலில் ஒரு சொட்டு டிகாக்ஷன் விழுந்த நிறம். இடுப்புயரம். கழுத்தைச் சுற்றி மண்ணிலேயே சலங்கை. மார்கழிப் பனியில் வண்டி அசைய அசைய, அது மூச்சு விடுவதுபோலவே இருந்தது எனக்கு.

வேப்பமரத்தடியில் ஊரே காத்திருந்தது. பூசாரி, அஞ்சலையின் பெரியப்பா. வைக்கோலை விலக்கிப் பார்த்தார். முகம் மாறியது.

"இன்னா மண்ணு இது?"

"மைன்ஸ்ல எடுத்தது பெரிப்பா."

"அந்தப் பள்ளத்தாலதான ஊரே போச்சு? அந்த மண்ணயா சாமி முன்னால வெக்கறது?"

அஞ்சலை குதிரை மேலிருந்த கையை எடுக்கவில்லை.

"ஊரு போச்சு. அதுக்கு மண்ணு இன்னா பண்ணும் பெரிப்பா? நம்ப வூட்டுக்கு அடியிலதான இது கெடந்துச்சி? இதும்மேலதான நாம படுத்துத் தூங்கனோம்... நமக்குத் தெரியல, அவ்ளோதான்."

பெரியவர் குனிந்தார். குதிரையின் நெற்றியைத் தடவினார். கழுத்தைத் தடவினார். அவசரப்படவே இல்லை.

"வருசா வருசம் குதிரைக்குச் சுண்ணாம்பு அடிக்கற வேல மிச்சம்" என்றார். "எறக்குங்கடா!"

பெண்கள் குலவையிட்டார்கள். குதிரைக்கு மாலை விழுந்தது. ஆளுக்கு ஆள் அதன் பக்கத்தில் போய் நின்று முணுமுணுவென்று வேண்டிக்கொள்ள ஆரம்பித்தார்கள்.

அஞ்சலை மட்டும் ஒதுங்கி நின்று, தலையைச் சாய்த்து அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்ன அஞ்சலை?"

"அடுத்த தபா காத இன்னும் பெருசா வெக்கணும்மா. இத்தினி பேரு சொல்றதயும் அதுதான கேட்டுக்கணும்!"