கோதண்டம் கழற்றாத கிளிப்

கோதண்டம் இறந்துவிட்டார் என்று நம் ஏழுமலை போனில் சொன்னபோது, பழைய ஷெட் நண்பர்களே, எனக்கு முதலில் வந்தது எரிச்சல்தான். அவரிடமிருந்து ஒரு வாக்கியம் எனக்கு வரவேண்டியிருந்தது. அந்த ஓஸ் குழாயை நான் உடைக்கவில்லை என்று உங்கள் முன்னால் அவர் சொல்வார் என இத்தனை வருடமாகக் காத்திருந்தேன். சொல்லாமலே போய்ச் சேர்ந்தார்.

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையை ஒட்டிய நம் கார் சர்வீஸ் ஷெட்டுக்கு அவர்தான் ஹெட் மெக்கானிக். எஞ்சின் சத்தத்தைக் கேட்டே கோளாறு சொல்வார்; அதை நான் மறுக்கவில்லை. காத்திருக்கத்தான் பொறுமை கிடையாது. பெட்ரோல் டாங்கில் எழும் ஆவி வெளியே போகாமல் கரி நிரப்பிய டப்பாவுக்குப் போய், அங்கிருந்து எஞ்சினுக்குத் திரும்பவேண்டும். வழியில் கசிவு உண்டா என்று பார்க்க, குழாய்க்குள் புகையை ஏற்றி, மீட்டர் முள் இறங்குகிறதா என்று கவனிப்போம். கோதண்டம் டாங்குக்குப் போகும் ஓஸை ஒரு கிளிப் போட்டு நெரித்துவிடுவார். புகை டாங்குப் பக்கமே போகாது. முள் எப்படி இறங்கும்? "முள்ளு நிக்குது, வண்டிய எட்து உடு" என்பார். சாயங்காலத்துக்குள் ஷெட் காலியாகிவிடும். ஓனருக்கும் உங்களுக்கும் அந்தக் கிளிப் மிகவும் பிடித்திருந்தது.

ஆர்.கே.பேட்டைக்காரர் ஒருவர் ஒரே புகாரோடு திரும்பத் திரும்ப வந்தாரே, நினைவிருக்கும். பின்சீட்டில் பெட்ரோல் வாடை. மனைவிக்கு வழியெல்லாம் வாந்தி. அந்த அம்மாள் பக்கத்தில் நிற்கும்போதே கோதண்டம் சொன்னார்: "வண்டி நல்லாத்தான் கீது சார். ஊட்டம்மாவ மூக்கு டாக்டராண்ட காட்டுங்க."

கணவர் தலைகுனிந்துகொண்டார். நீங்கள் சிரித்தீர்கள்.

எம்.இ. படித்துவிட்டு அங்கே வேலைக்கு வந்திருந்த நான், கிளிப்பைக் கழற்றி மறுபடி புகையை ஏற்றினேன். முள் விழுந்தது. டாங்குக்கு மேலே, ஓஸில் இருந்த வெடிப்பிலிருந்து புகை கிளம்பியது. டார்ச் அடித்து அந்த அம்மாளுக்குக் காட்டினேன். கோதண்டம் உடனே ஓனரைக் கூப்பிட்டார். "எம்.இ. சாரு கிளிப்ப புடுங்குறன்னு ஓஸ ஒடச்சிட்டாரு. படிச்ச கை இல்லியா, அப்டித்தான்." வெடிப்பு பழையது, அதன் விளிம்பெல்லாம் அழுக்கு ஏறியிருந்தது. அதைப் பார்க்க உங்களில் ஒருவரும் குனியவில்லை. சோதனைப் பிரிவை என்னிடம் ஒப்படைப்பதாக இருந்த ஓனர், என்னை வண்டி கழுவும் இடத்துக்கு அனுப்பினார்.

அங்கே ஒருநாள் கோதண்டம் தனியாக வந்தார். தண்ணீர் பம்ப் இரைந்துகொண்டிருந்தது. "நீ ஒடைக்கலன்னு எனக்குத் தெரியும்பா. மன்சுல வச்சிக்காத" என்றார். ஷெட்டுக்குள் வந்து எல்லார் முன்னாலும் சொல்லுங்கள் அண்ணா என்றேன். பம்ப் சத்தத்தில் கேட்காதவர்போலத் திரும்பி நடந்தார்.

கடைசியாக ஆரம்பாக்கத்தில் அவர் வீட்டுக்கு நாம் சேர்ந்தேதான் போனோம். மூக்கில் ஆக்ஸிஜன் குழாய். சாகப்போகிறவர், இப்போதாவது சொல்வார் என்று கட்டில் அருகே போய் நின்றேன். அவரும் என்னைத்தான் தேடிப் பார்த்தார்.

"இன்னா எம்.இ., இன்னும் ஓஸ ஒடச்சிக்கினுதான் கீறியா?"

மூச்சு வாங்க வாங்கச் சிரித்தார். சுற்றி நின்ற நீங்களும்.

அவரிடம் தொழில் கற்றதாக உங்களில் பலர் அஞ்சலி எழுதுவீர்கள். எழுதுங்கள். எனக்கு அவர் விட்டுப்போனது அந்தச் சிரிப்பு ஒன்றுதான். அதைப் பத்திரமாக வைத்திருக்கிறேன், உங்களுடையதையும் சேர்த்து.