சேத்து சாரின் கட்டைவிரலுக்கு என்ன வயது?

அந்த வீட்டுக்கு நர்ஸாக நான் போனது ஒரு காலுக்குக் கட்டு மாற்ற. பூமிக்கு என்ன வயது என்ற வழக்கு அங்கே முப்பது வருடமாக ஓடிக்கொண்டிருக்கிறது என்று யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சம்பளத்தைக் கொஞ்சம் கூட்டிக் கேட்டிருப்பேன்.

காலுக்குச் சொந்தக்காரரை எல்லாரும் சேத்து சார் என்பார்கள். எண்ணெய் தேடும் கம்பெனியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பூமியில் துளை போடும்போது சேற்றோடு கல்பொடி மேலே வரும். அதைக் கழுவிக் காயவைத்து, மைக்ராஸ்கோப்பில் பார்த்து, இது ஆறு கோடி வருடத்துக் கல் என்று எழுதிக் கையெழுத்துப் போடுவது அவர் வேலை. பெயரும் அந்தச் சேற்றில் வந்ததுதான். வேலை நாளில் ஆறு கோடி. விடுமுறை நாளில் ஆறாயிரம். விடுமுறை நாளில்தான் மனைவியின் அண்ணன் கூட்டம் நடத்துவார். அண்ணனுக்குப் பிழைப்பு டைல்ஸ் கடை. மற்ற நேரத்தில் பூமிக்கு ஆறாயிரம் வயதுதான் என்று நிரூபிப்பார். சேத்து சார் முன்வரிசையில் உட்கார்ந்து தலையாட்டுவார். ஆபீசில் மச்சானைப் பற்றி மூச்சு விடமாட்டார், மச்சானிடம் ஆபீசைப் பற்றி மூச்சு விடமாட்டார். இரண்டு இடத்திலும் தங்கமான மனிதர் என்று பெயர்.

எது சரி என்று மனைவி கேட்டால், "ரெண்டுலயும் விஷயம் இருக்கு" என்பாராம். முப்பது வருடக் குடித்தனம் இந்த ஒரு வாக்கியத்தில் ஓடியிருக்கிறது.

சர்க்கரை வியாதிக்காரர். இடது கால் கட்டைவிரலிலும் பக்கத்து விரலிலும் புண்.

"எத்தனை நாளாச்சு சார்?"

"மூணு நாள் இருக்கும்மா."

புண்ணைச் சுற்றித் தோல் காய்ப்புக் காய்த்துத் தடித்திருந்தது. மூன்று நாளில் அப்படித் தடிக்க அது என்ன செருப்புத் தோலா?

"மூணு நாளா?" என்று மனைவி சமையலறையிலிருந்து கேட்டார். "போன மாசமே சாக்ஸ் போட்டுக்கிட்டுத் தூங்கினீங்களே!"

"குளிருச்சு."

"இந்த வெயிலுக்கா?"

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். கறாரான கேள்வி வந்தால் அவருக்கு உடனே காற்று வேண்டும்.

புண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தபோது அண்ணன் வந்தார். நோயாளி நலமா என்று கேட்பவரில்லை அவர். நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு நேரே எண்ணெய்க்கு வந்தார்.

"மாப்பிள்ளை, இனிமே ஒருத்தன் வாய் திறக்க முடியாது. லேப்ல ஒருத்தன் பாசியைத் தண்ணியோட குக்கர் மாதிரி ஒண்ணுல அடைச்சு வேகவெச்சிருக்கான். ஒரு மணி நேரத்துல எண்ணெய்! அப்புறம் கோடி வருஷம் எதுக்கு? கோடிக்கணக்குல கணக்குக் காட்டுறதெல்லாம் யாரை ஏமாத்த?"

"ஆமாம் மச்சான்" என்றார் சேத்து சார்.

மனைவி காபியோடு வந்தார். "உருளைக்கிழங்கு வேக எவ்வளவு நேரமாகும்னு பார்த்து, அது மண்ணுல விளைய எத்தனை நாளாகும்னு சொல்லுவியா அண்ணா?"

"உனக்கு இதெல்லாம் புரியாதும்மா."

"கிழங்கு நான்தானே உரிக்கிறேன்?"

அண்ணன் காபியைக் குடித்துவிட்டுக் கிளம்பினார். வாசல் கதவு சாத்தும் சத்தம் கேட்கும்வரை காத்திருந்து சேத்து சார் குரலைத் தாழ்த்தினார். கடன்காரன் போய்விட்டானா என்று பார்க்கிறவர் மாதிரி இருந்தது.

"குக்கர்ல முன்னூறு டிகிரிக்கு மேல சூடு வைக்கிறாங்கம்மா. பூமிக்குள்ள அவ்வளவு சூடு இருந்தா எண்ணெய் நிக்காது, உடைஞ்சு வாயுவாப் போயிடும். எண்ணெய் ஆகற இடத்துல சூடு நூறு டிகிரிக்கு அக்கம்பக்கம்தான். கடல்ல செத்து விழுந்த பாசி, கண்ணுக்குத் தெரியாத பூச்சி எல்லாம் சேத்துல புதைஞ்சு, மேல மண்ணு ஏற ஏற, அது மெதுவா வேகும். சூடு குறைஞ்சா காலம் கூடும். காலத்தைக் குறைச்சா சூட்டை ஏத்தணும். ரெண்டுல ஒண்ணைத்தான் குறைக்கலாம்."

"இதை அவர்கிட்ட சொல்றதுதானே?"

"எதுக்கும்மா வம்பு? நல்ல மனுஷன்."

பிறகு அவர் உற்சாகமாகவே பேசினார். கல்லுக்குள்ளே பழைய மகரந்தத் துகள் இருக்குமாம். அதன் நிறத்தைப் பார்த்தே சொல்லிவிடுவாராம். வெளிர் மஞ்சள் என்றால் வேகவில்லை. பழுப்பு என்றால் எண்ணெய். கறுப்பு என்றால் எண்ணெய்க் கட்டம் தாண்டிவிட்டது. வாயு இருந்தால் உண்டு, இல்லாவிட்டால் அதுவும் இல்லை.

எங்கள் தொழிலிலும் நிறம்தான். சிவப்பு நல்லது. மஞ்சள் கவலை. நான் முகம் பார்க்கும் கண்ணாடியை அவர் பாதத்தின் அடியில் பிடித்தேன்.

"இது எந்த நிறம் சார்?"

மூக்குக் கண்ணாடியைத் தள்ளிவிட்டுக் குனிந்து பார்த்தார். மாப்பிள்ளை முகம் மறைந்து, ஆபீஸ் முகம் வந்தது.

"ஓரத்துல மஞ்சள். உள்ள பழுப்பு. நடுவுல..." நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "கறுப்பு."

"கிளம்புங்க ஆஸ்பத்திரிக்கு."

மனைவி போன் போட, அண்ணன் திரும்பி வந்தார். அவர் கார்தான். வழியெல்லாம் பேச்சு நிற்கவில்லை.

மருத்துவர் சின்ன வயதுப் பெண். காய்ச்சல் பார்த்தார், பாதத்தை அழுத்திப் பார்த்தார், நாடி பிடித்துப் பார்த்தார். "எத்தனை நாளா இப்படி?"

"மூணு நாள் டாக்டர்" என்றார் அண்ணன். "கட்டுப் போட்டா சரியாயிடும்."

மருத்துவர் பேனாவைக் கீழே வைத்தார்.

"மூணு நாள்ல இவ்வளவா? அப்போ கடகடன்னு மேல ஏறுது. விரலை மட்டும் எடுத்துப் பிரயோஜனமில்ல. உயிர் முக்கியம். முழங்காலுக்குக் கீழ எடுக்க வேண்டி வரும். தியேட்டர் ரெடி பண்ணச் சொல்றேன்."

மனைவி அண்ணனைப் பார்த்தார். அண்ணன் கையிலிருந்த கார் சாவியைப் பார்த்தார்.

சேத்து சார் என்னைப் பார்த்தார். நான் அவர் கண்ணையே பார்த்துக்கொண்டு நின்றேன். காலத்தைக் குறைத்தால் என்ன ஏறும் என்று எனக்குப் பாடம் எடுத்தவரே அவர்தானே.

"டாக்டரம்மா" என்றார். "மூணு நாள் இல்ல."

"பின்ன எவ்வளவு?"

"ஒன்றரை மாசம்."

"என்ன மாப்பிள்ளை உளர்றீங்க?" என்றார் அண்ணன்.

"புண்ணு வந்ததே உங்க கூட்டத்துலதான் மச்சான். செருப்பை வாசல்ல விட்டுட்டு வந்தேன். அன்னிக்கு உள்ள இடமில்லைன்னு முற்றத்துல நிக்கச் சொன்னீங்க. வெயில்ல சிமெண்ட் தரை. காலு மரத்துக் கிடக்கே, சுட்டது தெரியல. வீட்டுக்கு வந்து பார்த்தா கொப்பளம்."

எதைப் பற்றிய கூட்டம் என்று நான் பிறகு விசாரித்தேன். பூமி எவ்வளவு சீக்கிரம் உண்டாயிற்று என்பது பற்றி. இரண்டு மணி நேரம் பேசியிருக்கிறார்.

"போகாதீங்கன்னு நான் தலைபாடா அடிச்சுக்கிட்டேன்" என்றார் மனைவி. "சொல்லியிருந்தா என்ன?"

"சொன்னா நீயும் உங்க அண்ணனும் சண்டை போடுவீங்க."

"அதுக்காகக் காலைக் கொடுப்பீங்களா?"

மருத்துவர் இந்தக் குடும்ப விவகாரத்தில் தலையிடவில்லை. ஒன்றரை மாதம் என்றால் மெதுவாகத்தான் பரவுகிறது, ரத்த ஓட்டத்தையும் எலும்பையும் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம் என்றார். சோதனை எல்லாம் முடிந்தது. இரண்டு விரல்கள் போயின. பாதம் தப்பியது.

ஆஸ்பத்திரியிலும் கட்டு மாற்ற நானே வேண்டும் என்றார் சேத்து சார். மூன்றாம் நாள் வார்டில் மாற்றிக்கொண்டிருந்தேன். மனைவி கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

"என்னங்க, இப்பவாவது சொல்லுங்க. பூமிக்கு என்ன வயசு?"

அவர் ஜன்னலைத் தேடினார். அந்தக் கட்டில் சுவரோரமாக இருந்தது.

"நானூத்தைம்பது கோடி வருஷத்துக்கு மேல" என்றார்.

"ஆறாயிரத்துல விஷயம் இல்லையா?"

"இல்ல."

"இது உங்களுக்கு எப்போலேர்ந்து தெரியும்?"

"வேலைக்குச் சேர்றதுக்கு முன்னாடியே."

"அப்புறம் எதுக்கு வாராவாரம் தலையாட்டினீங்க?"

"கூட்டம் முடிஞ்சாத்தானே சாப்பாடு போடுவாங்க?"

மனைவி அவரைப் பார்த்த பார்வைக்கு மயக்க மருந்து தேவையில்லை. அதற்குள் தாழ்வாரத்தில் அண்ணனின் குரல் கேட்டது. வார்டு பாயிடம் குக்கர் கதையைச் சொல்லிக்கொண்டே வந்துகொண்டிருந்தார். சேத்து சார் போர்வையைக் கழுத்துவரை இழுத்து, கண்ணை இறுக மூடி, மூச்சைச் சீராக விட ஆரம்பித்தார்.

மனைவி எழுந்து போர்வையை இடுப்புவரை இறக்கினார். தலையணையை நிமிர்த்தி வைத்தார். பிறகு கதவுப் பக்கம் பார்த்துக் குரல் கொடுத்தார்.

"அண்ணா, உள்ள வா. முழிச்சுட்டுதான் இருக்கார். உன்கிட்ட ஒரு விஷயம் சொல்லணுமாம்."