மாப்பிள்ளை போட்ட ஆன்டிவைரஸ்

கம்ப்யூட்டர் ரிப்பேருக்குக் கோச்சடையிலிருந்து மதியம் போன் வந்தது. பேசியது ரேவதி என்ற பெண். மூன்று மணிக்கு அவளுக்கு வேலைக்கான ஆன்லைன் தேர்வு. கேமரா ஓடியபடி கம்ப்யூட்டரில்தான் எழுத வேண்டும், போனில் முடியாது. கம்ப்யூட்டரோ நின்றுவிட்டது என்றாள்.

போய்ப் பார்த்தேன். நிற்கவில்லை, ஊர்ந்துகொண்டிருந்தது. உள்ளே இரண்டு ஆன்டிவைரஸ். ஒன்று, வாங்கும்போதே கடையில் போட்டுக் கொடுத்தது. இன்னொன்று பிறகு வந்தது. ஒன்று திறக்கும் ஃபைலை மற்றது பிடித்துச் சோதிக்கும். அது சோதிப்பதை இது சோதிக்கும். போதாததற்கு, பிறகு வந்தது கேமராவையும் பூட்டி வைத்திருந்தது.

கடைக்காரர் போட்டது சண்டையில்லாமல் போய்விட்டது. அடுத்ததற்கு அன்இன்ஸ்டால் கொடுக்கப் போனபோது ரேவதியின் அம்மா அடுப்படியிலிருந்து வந்தார்.

“தம்பி, அது மூத்த மாப்ள போட்டது. தீபாவளிக்கு வந்தப்ப உக்காந்து போட்டுக் குடுத்தாரு. அதுல மட்டும் கை வைக்காதீக.”

பொங்கலுக்கு வந்ததும் மாப்பிள்ளை அதைத்தான் முதலில் தேடுவார், காணோமென்றால் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்வார், பெரியவள்தான் பாடுபடுவாள் என்பது அவர் கவலை. மாப்பிள்ளை வாங்கித் தந்த சுவர்க்கடிகாரம் ஓடாமலே கூடத்தில் தொங்குவதை ரேவதி குத்திக்காட்டினாள். அம்மா அதைக் கேட்டுக்கொள்ளவில்லை.

அம்மா திரும்பிய நேரம் பார்த்து ரேவதியே பட்டனை அமுக்கினாள். பாஸ்வேர்ட் கேட்டது. அது போட்டவருக்குத்தான் தெரியும். சேஃப் மோடில் போனால் பாஸ்வேர்ட் இல்லாமலே எடுத்துவிடலாம். ஆனால் கேட்காமல் எடுத்தால் பழி இந்த வீட்டின் மேல் விழும். மாப்பிள்ளைக்குப் போன் போடச் சொன்னேன்.

அம்மா ஸ்பீக்கரில் போட்டார். சாப்பிட்டாரா என்று விசாரித்தார், பேரனை விசாரித்தார், மழையை விசாரித்தார். விஷயத்துக்கு வரவேயில்லை. மணி இரண்டைத் தாண்டியது. ரேவதி போனை வாங்கி என்னிடம் நீட்டினாள். நிலவரத்தைச் சொன்னேன். மாப்பிள்ளை குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

“அண்ணே, அத்தை பக்கத்துல இருக்காகளா?”

ஸ்பீக்கரை அணைக்க எங்களில் யாருக்கும் தோன்றவில்லை. நான் பதில் சொல்வதற்குள் அவரே தொடர்ந்தார்.

“அது ஓசி ட்ரையல்ணே. எங்க வீட்டு சிஸ்டமே படுத்துருச்சுன்னு நான் அப்பவே எடுத்துட்டேன். அங்கயும் எடுத்துருங்கன்னு சொல்லத்தான் நெனச்சேன். ஆனா போன் பேசுறப்பல்லாம் அத்தை, ‘மாப்ள போட்டதுலருந்து கம்ப்யூட்டரு அம்புட்டு வேகம்’ங்குறாக. எப்படிச் சொல்ல?”

அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டார். சிரிப்புச் சத்தம் மட்டும் கேட்டது.

பாஸ்வேர்ட் கிடைத்தது. எடுத்தேன். மிச்சம் மீதியைத் துடைக்கும் டூலை ஓட்டி, ரீஸ்டார்ட் கொடுத்தேன். விண்டோஸோடு வரும் பாதுகாப்பு தானாகவே ஆன் ஆனது. வீட்டுக்கு அது போதும். கேமராவில் ரேவதியின் முகம் தெளிவாக வந்தது. தேர்வைத் தடங்கலில்லாமல் முடித்ததாகச் சாயங்காலம் மெசேஜ் அனுப்பினாள்.

தொழிலுக்குப் புதிதாக வருபவர்களுக்கு ஒன்று சொல்வேன். எதையும் எடுக்கும் முன், யார் போட்டது என்று கேளுங்கள். பதிலில் ஓர் உறவுமுறை வந்தால் மவுஸை விட்டுவிட்டுப் போனை எடுங்கள்.